சூரியன், நிலா, கோள்கள்: வெறும் கண்ணால் தொடங்குவது எப்படி

நடுவில் மஞ்சளாகச் சூரியன், அதைச் சுற்றி எட்டுக் கோள்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டக் கோடு. சூரியக் குடும்பம் என்றதும் எல்லோர் மனதிலும் வந்து நிற்பது இந்தப் படம்தான். ஆனால் இதை மனப்பாடமாக வைத்திருப்பவரிடம் போய் "இன்றைக்கு நிலா எத்தனை மணிக்கு உதிக்கும், எந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கும்?" என்று கேட்டால் பெரும்பாலும் முழிப்பார். படம் எங்கோ வெளியே நின்று பார்ப்பவருக்கானது. நாம் நிற்பதோ அந்த உருண்டைகளில் ஒன்றின் மேல், அதுவும் விடாமல் சுழன்றுகொண்டிருக்கிற ஒன்றின் மேல். அதனால் இங்கே வரிசையை மாற்றிக்கொள்வோம். தலைக்கு மேலே என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம், காரணத்தை அப்புறம் படத்தில் பொருத்திக்கொள்ளலாம். தேவைப்படுவது ஒரு நேரான குச்சி, ஒரு நோட்டு, ஒரு வெள்ளைப் பந்து, உங்கள் கை, கொஞ்சம் பொறுமை.

கையால் அளக்கப் பழகுங்கள்

வானத்தில் தூரத்தை மீட்டரில் சொல்ல முடியாது, கோணத்தில்தான் சொல்ல வேண்டும். கையை முழுதாக நீட்டி, விரல்களை மடக்கி முஷ்டியாகப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. சுண்டுவிரலின் அகலம் 1 டிகிரி. குழந்தைக்குக் கையும் சின்னது, நீளமும் குறைவு என்பதால் அவர்களுக்கும் இதே கணக்கு ஓரளவு சரியாகவே வரும்.

இதை வைத்து முதல் சோதனை. பௌர்ணமி நிலா அடிவானத்தில் பெரிதாக எழும்பும்போது கையை நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துப் பாருங்கள், நடு இரவில் மேலே வந்த பிறகும் அதேபோல் மறைத்துப் பாருங்கள். இரண்டு நேரமும் விரல் பாதி அகலத்திலேயே நிலாவை மறைத்துவிடும், ஏனென்றால் நிலாவின் அகலம் எப்போதும் அரை டிகிரிதான். அடிவானத்தில் பெரிதாகத் தெரிவது நம் மூளை செய்கிற வேலை.

பகலில்: குச்சியும் நிழலும்

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி எதுவும் போதாது. ஐ.எஸ்.ஓ 12312-2 தரத்தில் வந்த சூரியக் கண்ணாடி போட்டால் பார்க்கலாம், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு பைனாகுலரிலோ டெலஸ்கோப்பிலோ கண் வைக்கக் கூடாது. அவை குவிக்கும் வெப்பம் கண்ணாடியையும் துளைத்துக் கண்ணையும் கெடுத்துவிடும். சரி, நமக்கு இப்போது சூரியன் வேண்டாம், நிழல் போதும்.

சமதளமான இடத்தில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். செங்குத்தாக இருக்கிறதா என்பதை ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுச் சரிபார்க்கலாம். காலை பத்து மணி வாக்கில் நிழலின் நுனியில் ஒரு குறி வையுங்கள். குச்சியின் அடியை மையமாகக் கொண்டு, அந்தக் குறியைத் தொடும்படி தரையில் ஒரு வட்டம் போடுங்கள். நிழல் குறுகிக்கொண்டே வந்து வட்டத்துக்குள் போகும், மத்தியானத்துக்குப் பிறகு நீண்டு மறுபடி வட்டத்தைத் தொடும். தொட்ட இடத்தில் இரண்டாவது குறி. இரண்டையும் இணைத்தால் அது கிழக்கு மேற்குக் கோடு, அதன் நடுப்புள்ளியிலிருந்து குச்சியின் அடிக்குப் போகும் கோடு சரியான வடக்கு தெற்கு. நிழல் எப்போது மிகவும் குட்டையாக இருக்கிறது என்று பார்த்தும் இதைக் கண்டுபிடிக்கலாம்தான், ஆனால் அந்த நேரத்தில் நிழலின் நீளம் மாறுவதே கண்ணுக்குத் தெரியாது, அதனால் வட்டம் போடுவதே நல்லது.

நிழல் அந்த வடக்கு தெற்குக் கோட்டில் விழும் நேரம்தான் உங்கள் இடத்தின் உண்மையான நண்பகல். கடிகாரம் அப்போது 12 காட்டாது, கவலைப்பட வேண்டாம். கடிகார நேரம் ஒரு பெரிய பரப்புக்கே பொதுவாக வைத்தது. அதோடு, பூமியின் பாதை சரியான வட்டமாக இல்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் சூரியன் ஆண்டின் சில மாதங்களில் 16 நிமிடம் வரை முந்தியும் 14 நிமிடம் வரை பிந்தியும் வரும்.

இந்தக் குச்சியை எடுத்துவிடாமல் பத்து நாளுக்கு ஒருமுறை நண்பகல் நிழலின் நீளத்தை நோட்டில் எழுதி வந்தால் பருவங்கள் ஏன் வருகின்றன என்பது தரையிலேயே தெரிய ஆரம்பிக்கும். பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது, ஆண்டு முழுதும் ஒரே திசையைப் பார்த்தே சாய்ந்திருக்கிறது. ஜூன் 21 வாக்கில் வடபாதி சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும், டிசம்பர் 21 வாக்கில் தென்பாதி. சூரியனுக்குக் கிட்டே போனால் கோடை, எட்டிப் போனால் குளிர் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகே, அதாவது 14.71 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில். மிகத் தள்ளி 15.21 கோடியில் இருப்பது ஜூலை தொடக்கத்தில். தூரம்தான் காரணம் என்றால் ஜனவரியில் உலகம் முழுதும் கோடையாக இருக்க வேண்டும். காரணம் தூரம் இல்லை. வெயில் செங்குத்தாக விழுகிறதா சாய்ந்து விழுகிறதா, பகல் எவ்வளவு நீளம் என்பவைதான்.

இதே நிழல் கணக்கை வைத்துத்தான் 2,200 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவையே கணக்கிட்டார். எகிப்தின் சையீன் நகரில் கோடையின் உச்ச நாளில் நண்பகல் நிழல் இல்லை, அதே நேரம் அலெக்சாந்திரியாவில் நிழல் 7.2 டிகிரி சாய்ந்திருந்தது. வட்டத்தின் 360 டிகிரியில் அது ஐம்பதில் ஒரு பங்கு, ஆகவே இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு. இன்று நமக்குத் தெரிந்த அளவு 40,000 கிலோமீட்டர்.

இரவில்: ஒரு நட்சத்திரம், ஒரு சுவர்

பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது ஒரு கட்டடத்தின் விளிம்புக்குப் பின்னால் மறையும் இடத்தில் நில்லுங்கள், நின்ற இடத்தில் காலடிக்குக் குறி வையுங்கள், மறைந்த நேரத்தை வினாடியோடு எழுதுங்கள். மறுநாள் அதே குறியில் நின்று பார்த்தால் அது ஏறத்தாழ 4 நிமிடம் முன்பே மறைந்துவிடும். பூமி தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்ற 24 மணி நேரம் ஆகவில்லை, 23 மணி 56 நிமிடம்தான் ஆகிறது. அந்த நேரத்தில் சூரியனைச் சுற்றியும் அது ஏறத்தாழ ஒரு டிகிரி நகர்ந்துவிடுவதால் மறுபடி சூரியனுக்கு நேராக வர இன்னும் நான்கு நிமிடம் சுழல வேண்டியிருக்கிறது. நாளுக்கு நான்கு நிமிடம் என்றால் மாதத்துக்கு இரண்டு மணி நேரம். ஒரே நேரத்தில் பார்த்தாலும் ஆறு மாதத்தில் வேறு வானம் தெரிவது இதனால்தான். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதை வீட்டிலிருந்தே பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

நிலாவை விடாமல் பிடியுங்கள்

அமாவாசை கழிந்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, சூரியன் மறைந்து அரை மணி கழித்து மேற்கே பாருங்கள். மெல்லிய பிறை இருக்கும். அதன் இருண்ட பகுதியும் மங்கலாகச் சாம்பல் நிறத்தில் தெரிகிறதா? அது பூமியில் பட்டுத் திரும்பிப் போகும் சூரிய வெளிச்சம். அன்றிலிருந்து தினமும் அதே நேரத்துக்கு, அதே இடத்தில் நின்று நிலாவை நோட்டில் வரையுங்கள். வடிவம், எந்தத் திசை, அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம், பக்கத்தில் என்ன நட்சத்திரம், இவ்வளவு போதும். மேகம் மறைத்தால் "மேகம்" என்று எழுதிவிட்டு விட்டுவிடுங்கள்.

நான்கைந்து நாளிலேயே நிலா தினமும் ஒரு முஷ்டிக்குச் சற்று அதிகமாகக் கிழக்கே நகர்வது தெரியும்; கணக்குப்படி 13 டிகிரி. உதிக்கும் நேரமும் நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப் போகும், இது இடத்தையும் மாதத்தையும் பொறுத்துக் கூடும் குறையும். ஒரு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நிலா இருக்கும் இரவில் ஒரு மணி நேரம் விட்டு விட்டுப் பார்த்தால், நிலா தன் அகலம் அளவுக்கு நகர்ந்திருப்பதை அந்த இரவிலேயே பிடித்துவிடலாம்.

இனி பந்து. வளர்பிறையில் அரை நிலா வரும் நாளில், மாலை மூன்று நான்கு மணிக்கே நிலா வெளிறிப்போய்க் கிழக்குப் பக்கம் ஏறியிருக்கும், சூரியன் மேற்கே இருக்கும். வெயிலில் நின்று, வெள்ளைப் பந்தைக் கையை நீட்டி நிலாவுக்கு ஒட்டினாற்போல் பிடியுங்கள். பந்தின் ஒரு பாதியில் வெயில், மறுபாதியில் இருட்டு. இருட்டும் வெளிச்சமும் பிரியும் கோட்டைப் பாருங்கள், பக்கத்தில் நிலாவிலும் அதே கோடு, அதே சாய்வில். இரண்டு உருண்டைக்கும் ஒரே விளக்கு, ஒரே பக்கத்திலிருந்து. மூன்று நாள் கழித்துச் செய்தால் நிலா புடைத்திருக்கும், பந்தும் அதேபோல் புடைத்திருக்கும்.

இந்தச் சோதனையின் போது உங்கள் நிழல் எங்கே விழுகிறது என்றும் ஒரு பார்வை பாருங்கள். பூமியின் நிழலும் அதேபோல் சூரியனுக்கு நேரெதிராக, அடிவானத்துக்குக் கீழே சாய்ந்து விண்வெளிக்குள் போகிறது. நிலாவோ மேலே வானத்தில் நிற்கிறது, அந்த நிழல் போகும் வழியிலேயே இல்லை. பிறை தேய்வது பூமியின் நிழல் விழுவதால் என்று சொல்பவர்களிடம் வாதம் செய்ய வேண்டியதில்லை, கையில் பந்தைக் கொடுத்தால் போதும்.

பிறை வளர்கிறதா தேய்கிறதா என்று கண்டுபிடிக்க "வலப்பக்கம் வெளிச்சமாக இருந்தால் வளர்பிறை" என்று ஒரு விதி சொல்வார்கள். அது வடகோளத்தில், நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளி இருப்பவர்களுக்குத்தான் சரி. தென்கோளத்தில் அது இடப்பக்கம். நிலநடுக்கோட்டுக்குக் கிட்டே இருப்பவர்களுக்குப் பிறை கிடந்தாற்போல் அடிப்பக்கம் ஒளிரும். எந்த ஊரிலும் ஏமாற்றாத விதி, ஒளிரும் பக்கம் சூரியனைப் பார்த்தே இருக்கும் என்பதுதான். மாலையில் மேற்கே பிறை என்றால் வளர்பிறை, விடியலில் கிழக்கே பிறை என்றால் தேய்பிறை. பௌர்ணமி நிலா சூரியன் மறையும் நேரத்தில் உதிக்கும், வளர்பிறை அரை நிலா நண்பகல் வாக்கில், தேய்பிறை அரை நிலா நள்ளிரவு வாக்கில். ஆக, கதையில் யாராவது நள்ளிரவில் மேற்கே மறையும் பௌர்ணமி நிலாவைப் பற்றி எழுதினால் நீங்கள் சிரித்துக்கொள்ளலாம்.

நிலா பூமியை ஒருமுறை சுற்ற 27.3 நாள். ஆனால் ஒரு அமாவாசையிலிருந்து அடுத்ததற்கு 29.5 நாள். பூமியும் அதற்குள் தன் பாதையில் நகர்ந்துவிட, நிலா கூடுதலாக இரண்டு நாள் ஓடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, நட்சத்திரத்தின் நான்கு நிமிடம் மாதிரியேதான். தன்னைத்தானே சுற்றவும் நிலாவுக்கு அதே 27.3 நாள்தான் ஆகிறது, அதனால் நமக்கு எப்போதும் ஒரே முகம். மறுபக்கத்தை மனிதர்கள் முதன்முதலில் பார்த்தது 1959 அக்டோபரில், சோவியத்தின் லூனா 3 விண்கலம் அனுப்பிய படத்தில். அதை இருண்ட பக்கம் என்று சொல்வது தப்பு, அமாவாசை அன்று அங்கேதான் முழு வெயில்.

மாதாமாதம் கிரகணம் ஏன் வருவதில்லை? நிலாவின் பாதை 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. நிலா இருக்கும் தூரத்தில் பூமியின் முழு நிழலின் அகலம் ஏறத்தாழ 1.4 டிகிரிதான், பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலா அதற்கு மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடும். சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், கண்ணுக்கு ஒன்றும் ஆகாது.

கோள்களுக்குப் போகும் முன் ஒரு நடை

ஆரம்பத்தில் சொன்ன படத்தில் பெரிய குறை அளவுதான். அதைச் சரிசெய்ய நீளமான தெருவோ மைதானமோ போதும். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் 14 சென்டிமீட்டர் உருண்டை. அங்கிருந்து 5.8 மீட்டரில் புதன், அரை மில்லிமீட்டர் புள்ளி. 10.8 மீட்டரில் வெள்ளி. 15 மீட்டரில் பூமி, ஒரு கடுகு அளவு. அந்தக் கடுகிலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி நிலா. மனிதர்கள் இதுவரை நேரில் போன தூரம் அந்த நான்கு சென்டிமீட்டர்தான். செவ்வாய் 23 மீட்டரில். வியாழன் 78 மீட்டரில், 1.4 சென்டிமீட்டர் உருண்டை. சனி 143, யுரேனஸ் 287, நெப்டியூன் 450 மீட்டர். சூரியனை அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரியை வைக்க 4,000 கிலோமீட்டர் போக வேண்டும்.

இந்த அளவில் வெளிச்சத்தின் வேகம் வினாடிக்கு 3 சென்டிமீட்டர். தரையில் விரலை அந்த வேகத்தில் நகர்த்திப் பாருங்கள். சூரியனிலிருந்து பூமிக்கு வர 8 நிமிடம் 20 வினாடி என்று படித்தது அப்போது உடம்பில் உறைக்கும். நெப்டியூனுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல்.

கோள்களைக் கண்டுபிடிப்பது

நிலாவை ஒரு மாதம் தொடர்ந்தவருக்கு இது சுலபம். நிலா போன வழியும் பகலில் சூரியன் போகும் வழியும் வானத்தில் ஏறத்தாழ ஒரே பட்டை, கோள்கள் எல்லாம் அந்தப் பட்டைக்குள்தான் இருக்கும், ஏனென்றால் எல்லாம் ஏறக்குறைய ஒரே தளத்தில் சுற்றுகின்றன. அந்தப் பட்டையில் நிலையாக உள்ள பெரிய நட்சத்திரங்களை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்: ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை. இவற்றில் ரோகிணியும் கேட்டையும் சிவப்பு, புதிதாகப் பார்ப்பவர்கள் செவ்வாய் என்று ஏமாறுவது இவற்றைக் கண்டுதான். இந்த வரிசையில் இல்லாத, மின்னாமல் அமைதியாக எரியும் பிரகாசமான புள்ளி ஒன்று கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் கோள். அடிவானத்துக்கு மிக அருகில் இருக்கும்போது மட்டும் கோளும் மின்னும்.

மாலையில் மேற்கிலோ விடியலில் கிழக்கிலோ கண்ணைப் பறிக்கிற மாதிரி வெள்ளையாக இருந்தால் வெள்ளி. சூரியனைவிட்டு 47 டிகிரிக்கு மேல், அதாவது ஐந்து முஷ்டிக்கு மேல் அது விலகாது, பூமிக்கு உள்பக்கப் பாதை என்பதால். புதன் 28 டிகிரிக்கு மேல் போகாது. அது தெரிவது அந்திக்கும் விடியலுக்கும் ஒட்டிய சில நாட்களில் மட்டும், தெளிவான அடிவானம் வேண்டும், அதனால் ஆரம்பத்திலேயே அதற்கு மெனக்கெடாதீர்கள். நள்ளிரவில் உச்சிக்கு அருகே வெள்ளிக்கு அடுத்த பிரகாசத்தில் ஏதாவது நின்றால் பெரும்பாலும் வியாழன். சூரியனைச் சுற்ற 12 ஆண்டு எடுத்துக்கொள்வதால் ஆண்டுக்கு ஒரு ராசி நகரும். சனிக்கு 29.5 ஆண்டு, மங்கிய மஞ்சள், அவசரமே கிடையாது.

செவ்வாயைத் தனியாகச் சொல்ல வேண்டும். இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறை பூமி உள்வட்டத்தில் ஓடி அதை முந்தும், அப்போது செவ்வாய் நட்சத்திரங்களுக்கு நடுவே சில வாரங்கள் பின்னோக்கிப் போவதுபோல் தெரியும். பழைய காலத்தில் இதை விளக்க வட்டத்துக்குள் வட்டம் போட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள், சூரியனை நடுவில் வைத்ததும் சிக்கல் அவிழ்ந்துவிட்டது. அடுத்த முந்தல் 2027 பிப்ரவரி 19 வாக்கில், மகம் நட்சத்திரத்துக்கு அருகே. அதற்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கி வாரம் ஒருமுறை மகத்திலிருந்து செவ்வாய் எத்தனை விரல் தூரம், எந்தப் பக்கம் என்று குறித்து வாருங்கள். அது நின்று, திரும்பி, மறுபடி நேராகப் போவது உங்கள் நோட்டிலேயே வரும்.

ஸ்டெல்லேரியம் போன்ற செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, நல்லவைதான். ஆனால் முதலில் நீங்களே யூகித்து எழுதிவிட்டு அப்புறம் திறந்து சரிபாருங்கள். போனை வானத்துக்கு நேராகப் பிடித்துத் திரையைப் பார்த்தே பழகினால் வானம் மனதில் நிற்காது, திரையின் வெளிச்சம் கண்ணையும் கூசவைக்கும்.

கருவி வாங்குவதாக இருந்தால்

முதலில் 7×50 அல்லது 10×50 பைனாகுலர் (முதல் எண் எத்தனை மடங்கு பெருக்கும் என்பது, இரண்டாவது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில்). முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு வியாழனைப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் சின்னப் புள்ளிகள் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்த அதே நான்கு நிலாக்கள்: அயோ, யூரோப்பா, கானிமீடு, காலிஸ்டோ. அயோ இரண்டு நாளுக்குள் ஒரு சுற்று முடித்துவிடும், அதனால் இன்று வரைந்த வரிசை நாளை இருக்காது. சில நேரம் மூன்றுதான் தெரியும், ஒன்று வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ போயிருக்கும்.

நிலாவைப் பௌர்ணமி அன்று பைனாகுலரில் பார்க்காதீர்கள், எல்லாம் தட்டையாக இருக்கும். அரை நிலா அன்று, இருட்டும் வெளிச்சமும் பிரியும் கோட்டின் மேல் கண்ணை ஓட்டுங்கள். அங்கே சூரியன் அப்போதுதான் உதிக்கிறது, பள்ளங்களின் விளிம்பு நிழல் நீளமாக விழும், இருட்டுப் பக்கத்துக்குள் தனியாக ஒரு வெளிச்சப் புள்ளி நிற்பதைக்கூடப் பார்க்கலாம். அது அடிவாரத்துக்கு வெயில் வருவதற்கு முன்பே வெயில் பட்டுவிட்ட ஒரு மலையின் உச்சி.

சனியின் வளையத்துக்கு மட்டும் டெலஸ்கோப் வேண்டும், 30 மடங்கு பெருக்கம் இருந்தாலே போதும். பெட்டியின் மேல் 500 மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அதை நம்பி வாங்காதீர்கள்; முக்கியம் முன் கண்ணாடியின் விட்டமும் தாங்கியின் உறுதியும்தான், தாங்கி ஆடினால் எவ்வளவு பெருக்கினாலும் ஒன்றும் தெரியாது. வளையம் 2025இல் தன் விளிம்பை நம் பக்கம் திருப்பி ஒரு மெல்லிய கோடுபோல் ஆனது, அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் குறுகலாகத் தெரிந்தால் டெலஸ்கோப்பைத் திட்ட வேண்டாம், ஆண்டுக்கு ஆண்டு விரிந்து 2032 வாக்கில் நன்றாக அகலமாகத் தெரியும்.